ஏறிய உயரம் எங்கே போகிறது?

மாணவச் செல்வங்களே, ஊட்டிக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையிலேயே ஒரு தடவை மலை மேல் ஏறி, பத்திரமாகக் கீழே இறங்கிவிடலாம். டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, வாந்தியும் வராது!

ஊட்டியில் இருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் சாலையோரத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும். இறக்கத்தில் இரண்டாவது கியரில்தான் வர வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைப் பற்றிக் கேட்டான். "சார், ஏறும்போதுதானே வண்டிக்குக் கஷ்டம்? இறங்கும்போது தானா உருண்டு வந்துடுமே. அப்புறம் எதுக்கு சார் கியர்?"

நல்ல கேள்வி. வண்டி ஓட்டும் பெரியவர்களிலேயே பலர் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் மலைப்பாதையில் விபத்துகள் நடக்கின்றன. இதற்கு விடை தெரிய வேண்டுமானால் முதலில் மலை ஏற வேண்டும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,200 மீட்டர். ஆக, நாம் ஏறப் போவது 1,900 மீட்டர்.

புத்தகப் பையைத் தரையில் இருந்து தூக்கி அலமாரியின் மேல் வைக்கிறீர்கள். கை வலிக்கிறது. நீங்கள் செலவழித்த சக்தி எங்கே போயிற்று? காற்றோடு கரைந்துவிடவில்லை. பையின் உயரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நம்பிக்கை இல்லை என்றால் பையை அலமாரியில் இருந்து தள்ளிவிடுங்கள். 'தொப்'பென்று விழுமே, அந்தச் சத்தமும் அதிர்வும் நீங்கள் போட்டு வைத்த சக்திதான். இதை நிலை ஆற்றல் என்று உங்கள் அறிவியல் புத்தகம் சொல்லும். நான் அதை உண்டியல் என்பேன். மேலே ஏற ஏற உண்டியலில் காசு விழுகிறது. கீழே இறங்கினால் உண்டியல் உடைகிறது. போட்ட காசு அத்தனையும் செலவாகியே தீரும். ஒரு பைசா கூடக் காணாமல் போகாது.

உண்டியலில் எவ்வளவு காசு? கணக்கு எளிதுதான். எடையையும் உயரத்தையும் பெருக்கி, அதை 9.8 ஆல் பெருக்கினால் போதும். 9.8 என்பது பூமியின் இழுப்பைக் குறிக்கும் எண். உங்கள் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,900 மீட்டர் ஏறினால் சுமார் 5 லட்சத்து 59 ஆயிரம் ஜூல். பெரிய எண் மாதிரி தெரிகிறதல்லவா? ஆனால் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒன்பது நிமிடம் சொச்சம் ஓடவிட்டால் செலவாகும் மின்சாரம்தான் அது! உங்களை மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக, இரண்டு மூன்று சட்டைகளைத் தேய்க்கும் மின்சாரம் போதும். (நடந்தே ஏறினால் உங்கள் உடம்பு இதைப் போல நாலைந்து மடங்கு செலவழிக்கும். மீதியெல்லாம் வியர்வையும் சூடுமாகப் போகும்.)

இப்போது ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு சேர்த்துப் பத்து டன் என்று வைப்போம். அதே கணக்கைப் போட்டால் சுமார் 52 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி அதன் உண்டியலில் சேர்ந்திருக்கும். இந்த 52 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். இறங்கும்போது இதுதான் வில்லன்.

வளைவுகள் எதற்கு?

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியில் தலைக்குந்தாவைத் தாண்டி மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36! நேராகச் சாலை போட்டால் சீக்கிரம் போய்விடலாமே என்று தோன்றும்.

ஒரு காகிதத்தில் செங்கோண முக்கோணம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அடி 20 செ.மீ., உயரம் 5 செ.மீ. இருக்கட்டும். உயரமான பக்கத்தைப் பென்சிலின் மேல் நீளவாக்கில் வைத்துச் சுற்றுங்கள். சாய்வான விளிம்பு பென்சிலைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அதுதான் மலைப்பாதை. திருகாணியும் அதுதான். நீளம் கூடுகிறது, செங்குத்து குறைகிறது. 12 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரம் ஏறும் சரிவில், 100 கிலோ வண்டியைத் தள்ள எட்டுக் கிலோவைத் தூக்கும் அளவு பலம் இருந்தால் போதும். ஆனால் பன்னிரண்டு மடங்கு தூரம் தள்ள வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். உண்டியலில் விழும் காசு என்னவோ அதேதான்.

இதைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறும்போது அவர்கள் கால் தானாகவே குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கோடு கோடாகத் தெரியும் ஒற்றையடிப் பாதைகளை அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். நேர் மேலே ஏறும் பாதை அபூர்வம்.

பல் முளைத்த தண்டவாளம்

மலை ரயிலால் கொண்டை ஊசி வளைவு போட முடியாது. ரயில் பெட்டிகள் அவ்வளவு சட்டென்று திரும்பாது. அதனால் அது வேறு ஒரு தந்திரம் செய்கிறது.

சமவெளி ரயில் பாதையில் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே பெரிய ஏற்றம். ஏன் தெரியுமா? இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம். இரண்டும் வழவழப்பு. உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் அது வசதி. ஒரு எஞ்சின் இருபது பெட்டிகளைச் சுலபமாக இழுத்துவிடும். மலையில் அதுவே தொல்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

கல்லாறில் இருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்தில் மலை ரயில் 1,300 மீட்டர் ஏற வேண்டும். சில இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விப் பிடித்து ஏணிப்படி ஏறுவதுபோல ஏறுகிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பட்டை ஒன்று அல்ல, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் இருக்கும். அதனால் எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். பிடி விட்டுப் போகும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899-ல் திறக்கப்பட்டது. 1908-ல் ஊட்டி வரை நீண்டது. மொத்தம் 46 கி.மீ. தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 46 கி.மீ. தூரத்தை ஏற ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் குறைவு. அதை "நாட்டிலேயே மெதுவான ரயில்" என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூறு டன்னுக்குக் குறையாத சுமையை இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறவனைப் பார்த்து 'ஏன் மெதுவாகப் போகிறாய்' என்று கேட்பது நியாயமா?

ரயில் ஏறும்போது எஞ்சின் எங்கே இருக்கும் என்று பாருங்கள். முன்னால் இருக்காது! பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் இருக்கும். அதாவது, ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஒருவேளை அறுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எஞ்சின் மேலே இருந்தால் பெட்டிகள் உருண்டு ஓடிவிடும். எஞ்சின் கீழே இருந்தால் பெட்டிகள் அதன் மேல் சாய்ந்து நின்றுவிடும்.

குன்னூரைத் தாண்டினால் சரிவு குறைந்துவிடும். பல் பட்டை முடிந்துவிடும். நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அருவங்காடு, கேத்தி, லவ்டேல், அப்புறம் ஊட்டி. இறங்கி ஒரு டீ குடிக்கலாம். டீயும் இங்கே 100 டிகிரியில் கொதிக்காது, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போக நம்மை அழுத்தும் காற்று குறைகிறது. ஊட்டியில் கடற்கரையில் இருப்பதைப் போல முக்கால் பங்கு அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே குதித்துவிடும். அது இன்னொரு நாள் பேச வேண்டிய பெரிய கதை. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஊட்டியிலேயே இறுக்கி மூடிப் பையில் வையுங்கள். கீழே போய்ப் பார்ப்போம்.

இனி இறங்கலாம்

பஸ் கிளம்பிவிட்டது. உண்டியலில் 52 யூனிட். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது அது பூஜ்யம் ஆகிவிட வேண்டும். எப்படிச் செலவு செய்வது?

ஒரு வழி, எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது. உயரம் வேகமாக மாறும். காற்றும் உராய்வும் வளைவும் எதுவும் தடுக்காமல் 1,900 மீட்டரும் இறங்கினால் கடைசியில் வேகம் எவ்வளவு இருக்கும்? மணிக்கு ஏறக்குறைய 700 கி.மீ.! விமானத்தோடு போட்டி போடலாம். ஆனால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கதை முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, பிரேக். பிரேக் என்ன செய்கிறது? சுற்றும் சக்கரத்தை ஒரு கட்டையால் அழுத்திப் பிடித்துத் தேய்க்கிறது. தேய்த்தால் சூடாகும். மார்கழிக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறீர்களே, அதேதான். அப்படியானால் 52 யூனிட்டும் சூடாக மாற வேண்டும். எவ்வளவு சூடு? சாதாரணத் தண்ணீர் 550 லிட்டரைக் கொதிக்க வைக்கும் சூடு! பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் 36 குடம். அத்தனையும் சக்கரத்துக்குள் இருக்கும் சில இரும்புத் துண்டுகளின் தலையில் விழுகிறது. காற்றும் சாலையும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும் என்றாலும் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான்.

மலையில் இருந்து இறங்கும் வண்டிகளின் சக்கரத்தில் சில சமயம் கருகல் வாடை வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? புகையே கூட வரும். பிரேக் லைனிங் கருகும் வாடை அது. அளவுக்கு மேல் சூடானால் லைனிங்குக்குப் பிடிமானம் குறைந்துவிடும். டிரைவர் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும்.

கார், வேன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டிரைவரின் கால் அழுத்தத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டு போவது குழாயில் இருக்கும் பிரேக் ஆயில். சக்கரத்தின் சூடு ஏறி ஏறி அந்த ஆயிலே கொதிக்க ஆரம்பித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்புறம் பெடலை அழுத்தினால் மெத்தையில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது.

குமிழிக்கு அவ்வளவு பலமா என்று கேட்பீர்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். குமிழி துளியும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, முனையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடி, பின்னால் தள்ளிப் பாருங்கள். கல் மாதிரி நிற்கும். நீங்கள் தள்ளுவது அப்படியே விரலில் வந்து முட்டும். இப்போது பாதித் தண்ணீர், பாதிக் காற்று வைத்துத் தள்ளுங்கள். சுலபமாக உள்ளே போகிறது. விரலில் முட்டுவதோ கொஞ்சம்தான். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். உங்கள் பலமெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. ஆவிக் குமிழியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது மூன்றாவது வழிக்கு வருவோம். அதுதான் அந்தப் பலகை சொல்லும் வழி.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சின்னக் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறதா? அதில் பெடல் முன் சக்கரத்தோடு ஒட்டியே இருக்கும். செயின் கிடையாது. சரிவில் விட்டால் சக்கரம் சுற்றும்போது பெடலும் சுற்றும். குழந்தை காலை விறைப்பாக வைத்துக்கொண்டால் வண்டி மெதுவாகிவிடும். குழந்தையின் கால் சக்கரத்தைச் சுற்றவில்லை; சக்கரம்தான் குழந்தையின் காலைச் சுற்றுகிறது. கால் எதிர்க்கிறது.

கியரில் இறங்கும் வண்டியும் இப்படித்தான். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் லேசில் சுற்றாது. உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓட வேண்டும், காற்றை இழுத்து அடைக்க வேண்டும், நூறு இடத்தில் உராய வேண்டும். இரண்டாவது கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் பல சுற்றுச் சுற்றியாக வேண்டும். அதனால் எதிர்ப்பு அதிகம். நாலாவது கியரில் இந்த எதிர்ப்பு மிகவும் குறைந்துவிடும். உண்டியல் காசு இப்படி எஞ்சினுக்குள் செலவாகிச் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற எஞ்சினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, புகைக்குழாய் இருக்கிறது. பிரேக்குக்கு அப்படி எதுவும் கிடையாது, பாவம். பிரேக்குக்கு மிச்சமிருக்கும் வேலை வளைவுகளில் கொஞ்சம் அழுத்துவதுதான். அடுத்த வளைவு வருவதற்குள் அது ஆறிவிடும்.

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு விடுபவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினையே அணைத்துவிடும் புண்ணியவான்களும் உண்டு. டீசல் மிச்சமாம்! நியூட்ரல் என்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை; 52 யூனிட்டும் பிரேக் தலையில்தான். எஞ்சினை அணைத்தால் இன்னும் மோசம். காரில் பெடலை லேசாக அழுத்தினாலே பிரேக் பிடிக்கிறதே, அதற்கு எஞ்சின்தான் உதவி செய்கிறது. அணைத்துவிட்டால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் அந்த உதவி கிடைக்காது. பெடல் மரக்கட்டை போல ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் காலத்துக் கார்கள் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். ஆக, மிச்சமும் இல்லை.

கல்லட்டிச் சாலையில் இது வெறும் பாடம் அல்ல. மிகச் செங்குத்தான சாலை அது. மலைப்பாதையில் பழக்கம் இல்லாத வெளியூர்க்காரர்கள் அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிப் பலமுறை ஆபத்தில் சிக்கியிருக்கிறார்கள். 2018-ல் சென்னையில் இருந்து சுற்றுலா வந்த கார் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தச் சாலையில் இறங்குவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

ஆகவே, நீங்கள் குடும்பத்தோடு போகும்போது இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் அப்பாவிடமோ டிரைவர் அண்ணனிடமோ, "செகண்ட் கியர்தானே?" என்று தயங்காமல் கேளுங்கள். 'உனக்கென்ன தெரியும்' என்று அதட்டினால் 36 குடம் வெந்நீர்க் கணக்கைச் சொல்லுங்கள். கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் என்றாலும் அதிலும் 'எல்' அல்லது '2' என்று ஓர் இடம் பெரும்பாலும் இருக்கும். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்பு விரிசல் விடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்து, இடம் போதாவிட்டால் இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். இது சாலை விதி. ஏறுகிற வண்டி சரிவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு பாடு என்று, பழைய லாரிகளின் பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓடிய கிளீனர்களைக் கேட்டால் தெரியும்.

மலை ரயில் இறங்கும் அழகைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். மழையானாலும் பனியானாலும் அவர் இடம் அதுதான். அவரவர் பெட்டிக்கு அவரவர் கையால் பிரேக் போடுவார். நீராவி எஞ்சினும் சும்மா வராது. ஏறும்போது பிஸ்டனை நீராவி தள்ளியது அல்லவா? இறங்கும்போது பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. நம் சிரிஞ்ச் விளையாட்டுதான்! பிரேக் ஆயில் குழாயில் எமனாக வந்த அதே காற்று இங்கே காவல்காரன்.

மேட்டுப்பாளையம் வந்துவிட்டது. பையில் வைத்த பாட்டிலை எடுங்கள். யாரும் தொடாமலேயே நசுங்கிக் கிடக்கும். உள்ளே இருப்பது ஊட்டியின் லேசான காற்று. வெளியே மேட்டுப்பாளையத்தின் கனத்த காற்று அழுத்துகிறது. வரும் வழியில் உங்கள் காது அடைத்துக்கொண்டதும் இதே சமாசாரம்தான். மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்று உள்ளே புகும். எச்சில் விழுங்கினால் காது திறந்துகொள்வதும் அப்படியே.

சூடாக்கி வீணாக்காமல்...

52 யூனிட்டையும் சூடாக்கி வீணடிக்கிறோமே, உருப்படியாக ஏதாவது செய்யக் கூடாதா என்று சிக்கனக்காரர்கள் கேட்பீர்கள். தண்ணீர் விஷயத்தில் நீலகிரியில் அதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறார்கள்.

மலை உச்சியில் பெய்யும் மழைக்கும் உண்டியல் உண்டு. கடலில் இருந்த தண்ணீரைச் சூரியன் ஆவியாக்கி மேலே தூக்கிச் செலவில்லாமல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி, 900 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருந்து இரும்புக் குழாய்களில் சிங்காரா மின்நிலையத்துக்கு இறக்கி, 1932-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். குழாயின் முனையில் இருந்து பீறிடும் தண்ணீர், ஓரமெல்லாம் கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தில் மோதும். சக்கரம் சுற்றும். அந்த மின்சாரம் கோவைக்குப் போய் ஏராளமான பஞ்சாலைகளை ஓட வைத்தது. கோவை பெரிய தொழில் நகரமாக வளர்ந்ததில் பைக்காராவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2005-ல் 150 மெகாவாட் திறனுள்ள இன்னொரு மின்நிலையமும் பைக்காராவில் வந்தது.

நம் குடத்தையே மறுபடி எடுப்போம். பதினைந்து லிட்டர் தண்ணீர் ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால், வழியில் வீணாவது போக, உங்கள் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ஏறக்குறைய நாலு மணி நேரம் எரியும். ஒரு குடத்துக்கு நாலு மணி நேரம் வெளிச்சம்! மின்சாரம் எடுத்த பிறகு அந்தக் குடம் அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு குறையவில்லை. உயரம் மட்டும்தான் குறைந்திருக்கிறது.

மின்சாரக் கார்களும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் டைனமோவாக மாறிப் பாட்டரியில் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றும். ஊட்டியில் 60 சதவீதம் காட்டிய பாட்டரி மேட்டுப்பாளையத்தில் அதைவிட அதிகம் காட்டலாம். பெட்ரோல் காருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது; எவ்வளவு தூரம் இறங்கினாலும் டாங்கில் பெட்ரோல் ஊறாது.

ஒரு புதிர். ஊட்டியிலேயே பாட்டரியை நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு மின்சாரக் காரில் ஒருவர் இறங்குகிறார். என்ன ஆகும்? கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த வரிக்கு வாருங்கள்.

பாட்டரியில் இடமே இல்லை. திரும்பி வரும் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? மோட்டாரின் பிடி தளர்ந்துவிடும். வண்டியை நிறுத்தும் பொறுப்பு மறுபடியும் சாதாரணப் பிரேக்குக்கே வந்து சேரும். அதனால் மலை மேல் தங்கும் மின்சாரக் கார்க்காரர்கள், கிளம்பும் அன்று காலையில் பாட்டரியை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காலியாக விட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.